கவனக்குறைவு

எண்ணெய் இறக்கும் துறைமுகத்தில் அவரை மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, குழாய்களின் அழுத்தத்தைக் காட்டும் முள்ளையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன மனிதர். வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. அடுப்பில் குக்கர் இருந்தால் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். "அது ஒண்ணும் வெடிக்காது, நீங்க போய்க் குளிங்க" என்று மனைவி விரட்டினால்தான் எழுந்திருப்பார்.

குழாய் உடைந்த அன்று அவருக்குப் பகல் வேலை. கரையிலிருந்து பார்த்தால் தீப்பெட்டி அளவுக்குத் தெரியும் தூரத்தில் கப்பல் நின்றது. அதிலிருந்து கச்சா எண்ணெய், கடலுக்கடியில் கிடக்கும் குழாய் வழியாகக் கரையிலுள்ள தொட்டிகளுக்கு வந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர் முள் இறங்குவதைப் பார்த்தார். கப்பல் தள்ளுவது ஒரு அளவு, கரைக்கு வந்து சேர்வது வேறு அளவு. நடுவில் எங்கேயோ ஒழுகுகிறது. உடனே மேலாளருக்குப் போன் போட்டார்.

"சார், அழுத்தம் குறையுது. நிறுத்திடவா?"

"முள்ளு கோளாறா இருக்கும்யா."

"எல்லா முள்ளும் ஒண்ணாவா சார் கோளாறாகும்?"

"இரு, மேல கேட்டுச் சொல்றேன். நான் சொல்ற வரைக்கும் எதுலயும் கைய வெச்சிடாத."

மேலே கேட்பதற்கு நிறைய நேரம் பிடித்தது. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் குழாயை மாற்ற வேண்டிய காலம் எப்போதோ தாண்டிவிட்டது. ஒவ்வொரு தடவையும் துறை அமைச்சர் கால நீட்டிப்புக் கொடுத்துக்கொண்டே வந்தார். ஆளுங்கட்சி மாநாடு நடந்தால் மேடையிலிருந்து நாற்காலிவரை எண்ணெய் நிறுவனத்தின் செலவு. எதிர்க்கட்சி மாநாட்டுக்கும் அதே நாற்காலிகள்தான் போகும், மேலே போடுகிற துணியின் நிறம் மட்டும் மாறும். இது ஊரே அறிந்த விஷயம். குழாயில் ஓட்டை என்று ஒப்புக்கொண்டால் நீட்டிப்புக் கொடுத்தது யார், எதற்காக என்ற கேள்வி வரும். அதனால் மேலே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எண்ணெய் போய்க்கொண்டே இருந்தது.

மீட்டர் மறுபடி போன் போட்டார். "பேசிட்டு இருக்காங்கய்யா, பொறு" என்றார் மேலாளர். அதற்கடுத்த தடவை எடுக்கவே இல்லை. மீட்டர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், யாரையும் கேட்காமல் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது கடலில் ஒரு பெரிய கறை, அழுக்குத் துணியை விரித்துப் போட்டதுபோல, கரையைப் பார்த்து மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

அவர் மனைவி இறால் உரிக்கும் ஆலையில் வேலை செய்தாள். பனிக்கட்டித் தண்ணீரில் கையை விட்டு, தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை உருவிப் போட வேண்டும். விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும். ரப்பர் பூட்ஸ் போட்ட கால்கள் மாலையில் ஊறிப்போய் வேறு யாருடைய கால்களோபோல இருக்கும். ஆனாலும் மேசைக்கு மேசை பேச்சும் சிரிப்புமாக நாள் ஓடிவிடும். எண்ணெய் கரைக்கு வந்த பிறகு படகுகள் போகவில்லை. குளிர் அறையில் இருந்த கடைசிக் கூடை இறால் உரித்து முடிந்ததும் முதலாளி வாசலில் நின்று, "சொல்லி அனுப்புறேன், அதுவரைக்கும் யாரும் வர வேண்டாம்" என்றார். பெண்கள் பூட்ஸைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே அவளுடைய தம்பி வந்தான்.

தம்பி ஆளுங்கட்சியின் நகரச் செயலாளர். அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டில்தான் வளர்ந்தான். பிள்ளை இல்லாத வீடு. மீட்டர் அவனைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், கல்லூரிக்கும் அனுப்பினார். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். இப்போது அவன் வரும் காரின் முன்னால் கட்சிக்கொடி பறக்கும். போன் அடித்தால் கட்சிப் பாட்டுப் பாடும்.

"மாமா, ஒரு சின்ன விஷயம்" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"நீ சின்ன விஷயம்னா அது சின்னதா இருக்காதேடா" என்றார் மீட்டர்.

விசாரணைக்கு ஒரு ஓய்வுபெற்ற அதிகாரியைப் போட்டிருக்கிறார்கள். அவர் முன்னால் போய் மீட்டர் சத்தியம் செய்து, முள் இறங்கியதைத் தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். இதுதான் விஷயம்.

"கவனக்குறைவுன்னு ஒரே ஒரு வார்த்தை, மாமா. கொஞ்ச நாள் சஸ்பெண்ட் பண்ணுவாங்க. சம்பளத்துல பாதி வந்துடும். தேர்தல் முடிஞ்சதும் வேற பக்கம் வேலை. இந்தக் கம்பெனி குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. நான் பேசிட்டேன்."

"நான் கவனிச்சேனேடா. போன் மேல போன் போட்டேன்."

"தெரியும் மாமா. எனக்குத் தெரியாதா? ஆனா குழாய் மேல தப்புன்னா அமைச்சர் மேல தப்பு. அமைச்சர் மேல தப்புன்னா கட்சி மேல தப்பு. மனுஷன் மேல தப்புன்னா அது மனுஷன் மேலயே நின்னுடும்."

அடுப்படி வாசலில் நின்றிருந்த அக்கா கேட்டாள்: "அந்த மனுஷன் உன் மாமாவாத்தான் இருக்கணுமா?"

"நீ சும்மா இரு, அக்கா. இவர் சொல்லலேன்னாலும் மேலாளர் அதத்தான் சொல்லப்போறாரு. அப்ப வேலையும் போகும், கேசும் வரும். நான் இருக்கறதாலதான் இந்த அளவுக்காவது வழி பண்ணியிருக்கேன். மாமாவ நான் விட்டுடுவேனா?"

மீட்டர் குனிந்து தம்பியின் காலைப் பார்த்தார். அவனுடைய செருப்பில் தார் மாதிரி எண்ணெய் ஒட்டியிருந்தது. கடற்கரையைப் பார்வையிட அமைச்சரோடு போயிருப்பான். தரையில் அச்சு விழுந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "சரிடா" என்றார்.

"என்ன சரி?" என்று மனைவி கத்தினாள். தம்பி அதற்குள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

விசாரணையில் மீட்டர் எழுந்து நின்று சத்தியம் செய்தார். கேட்டதற்கெல்லாம் "கவனக்குறைவுங்க ஐயா" என்றார். எப்போது கவனித்தீர்கள், ஏன் தாமதம், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எதைக் கேட்டாலும் அதே பதில். அதிகாரிக்கும் அது போதுமாக இருந்தது. மறுநாள் செய்தியில் மீட்டரின் பழைய அடையாள அட்டைப் படத்தைப் போட்டு, வேலை நேரத்தில் தூங்கியதாகச் சொன்னார்கள். தூக்கம் என்ற சொல்லை விசாரணையில் யாரும் சொல்லவே இல்லை. அது எங்கிருந்தோ தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

ஆலையில் பாக்கிச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனைவி போனாள். வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. மேஸ்திரி அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் வயதான பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"உன் வீட்டுக்காரருக்கு நல்ல தூக்கமாமே?"

அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவர் தூங்கவில்லை, நிறுத்தியதே அவர்தான் என்று ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் சத்தியம் பொய்யாகிவிடும், தம்பி செய்த ஏற்பாடு கலைந்துவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"நாங்க எல்லாம் இப்ப வீட்டுல தூங்கிட்டுத்தான் இருக்கோம். சும்மா. சம்பளமில்லாம" என்றாள் இன்னொருத்தி. யாரோ சிரித்தார்கள். பணத்தை வாங்காமலே திரும்பி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு தெருக்குழாயில் அவள் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்துகொள்ளும். மீட்டர் கடைக்குப் போனால், "என்ன மீட்டர், முழிச்சுக்கிட்டீங்களா?" என்பார்கள். அவர் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

தேர்தல் வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் கடற்கரைக்கு வந்தார். முழங்கால்வரை கால்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் கறுப்புச் சேற்றை அள்ளிக் காமிராவுக்குக் காட்டினார். "ஒரு ஏழைத் தொழிலாளி தலையில கட்டிட்டுத் தப்பிச்சிட்டாங்க! உண்மையான குற்றவாளிகளக் கூண்டுல ஏத்தாம நான் ஓய மாட்டேன்!" என்றார். வீட்டில் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "உங்களப் பத்தித்தான் பேசுறாரு" என்றாள்.

மீட்டர் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "தொழிலாளின்னு சொன்னாரு, பாத்தியா? தூங்குனான்னு சொல்லல."

அந்தக் கட்சி ஜெயித்தது. மீட்டரும் அவர் மனைவியும் அதற்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். தம்பிக்குத் தெரிந்தால் வருத்தப்படுவானே என்று மீட்டர் கொஞ்சம் சங்கடப்பட்டார். சங்கடப்பட்டிருக்கத் தேவையே இல்லை. பதவியேற்பு நடந்த சூடு ஆறுவதற்குள் தம்பி புதுக் கொடியோடு வந்து இறங்கினான். போனில் பாட்டும் மாறியிருந்தது.

"என்னடா இது?" என்றாள் அக்கா.

"கொள்கை பிடிக்கலக்கா, வந்துட்டேன்."

"எந்தக் கொள்கை?"

அவன் மீட்டரின் பக்கம் திரும்பினான். "மாமா, புது விசாரணைக் கமிஷன் போட்டுட்டாங்க. நீதிபதியே வர்றாரு. இப்ப நீங்க தைரியமா உண்மையச் சொல்லணும். பழைய அமைச்சரச் சும்மா விடக் கூடாது."

மீட்டர் அவனையே பார்த்தார். "போன தடவை நீதானேடா..."

"அது அப்போ மாமா. இப்ப நம்ம ஆட்சி."

"இவர் சத்தியம் பண்ணி வேற மாதிரி சொல்லியிருக்காரே, அதுக்கு என்ன பண்ணுவாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. கட்டாயத்துல சொன்னேன்னு சொன்னா முடிஞ்சது. தலைவர்கிட்டயே பேசிட்டேன்."

இந்தத் தடவை மீட்டரை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. அவருக்கே அது வேண்டியிருந்தது. ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், மனைவி தெருக்குழாயில் குடம் வைக்க வேண்டும். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஆலைப் பெண்கள் ஒரு பக்கமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் புதுக் கட்சிக்காரர்களோடு தம்பி. மீட்டர் எல்லாவற்றையும் சொன்னார். முள் இறங்கியது, மேலாளருக்குப் போன் போட்டது, எதிலும் கை வைக்காதே என்று அவர் சொன்னது, கடைசியில் தானே நிறுத்தியது. குழாய் எங்கெங்கே இற்றுப் போயிருந்தது, அதைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். பெண்கள் பக்கமிருந்து ஒரு முனகல் எழுந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அப்படீன்னா முன்னாடி ஏன் கவனக்குறைவுன்னு சொன்னீங்க?"

"சொல்லச் சொன்னாங்க ஐயா."

"யாரு சொல்லச் சொன்னது?"

மீட்டர் முன்வரிசையைப் பார்த்தார். தம்பி குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டால் இப்படித்தான் சிவக்கும்.

"கட்சிக்காரங்க, ஐயா."

"எந்தக் கட்சி? ஆள் யாரு?"

"அப்ப இருந்த கட்சி. ஆள் ஞாபகமில்லீங்க."

மண்டபத்தில் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். கதவைச் சாத்தியதும் வெடித்தாள். "ஆள் ஞாபகமில்லையா? தோள்ல தூக்கிச் சுமந்த ஆள் ஞாபகமில்லையா?"

"நம்ம புள்ளடி அவன்."

"அவன் உங்களக் கொண்டுபோய் நிறுத்துனப்ப அப்படி நெனைக்கலையே."

"உண்மையச் சொல்லியாச்சு. அது போதும். அவன் பேரு எதுக்கு?"

அன்று மாலையே மேஸ்திரி அக்கா வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வாசல்படியிலேயே நின்று, "தப்பாப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள். மீட்டருக்கு அந்த ஒரு வார்த்தை கட்சி கொடுத்த வாக்கைவிடப் பெரிதாக இருந்தது. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

கமிஷன் அறிக்கை வருவதற்குள் வேறு காரியங்கள் நடந்தன. நிறுவனத்துக்கும் புதிய அரசுக்கும் ஒப்பந்தம் ஆகி, பழைய குழாய்க்குப் பக்கத்திலேயே இன்னொன்று போட அடிக்கல் நாட்டினார்கள். கையால் சேற்றை அள்ளிக் காட்டிய தலைவர் அதே கையால் கல்லைத் தொட்டார். பக்கத்தில் நிறுவனத்தின் தலைவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலிகளில் துணியின் நிறம் மாறியிருந்தது. தம்பி இப்போது துறைமுக நலக் குழுவின் உறுப்பினர். மேடையில் ஓரமாக ஒரு நாற்காலி அவனுக்கும் இருந்தது.

பிறகு அறிக்கை வந்தது. தடித்த அறிக்கை. குழாய் உடைந்ததற்கான காரணத்தைக் காலம் கடந்துவிட்டபடியால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மேலாளர் போன் எடுத்ததற்குப் பதிவு கிடைக்கவில்லை. பழைய அமைச்சர் விதிகளின்படியே நடந்திருக்கிறார். கடல் தன்னைத் தானே சுத்திகரித்துக்கொள்ளும் தன்மை உடையது. இப்படி எல்லாவற்றையும் வழவழவென்று சொல்லிக்கொண்டு வந்த அறிக்கை ஒரே ஒரு இடத்தில்தான் உறுதியாகப் பேசியது. இந்தச் சாட்சி சத்தியம் செய்து இரண்டு தடவை இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார். ஏதோ ஒன்று பொய். எது பொய் என்பதைக் கமிஷன் ஆராய வேண்டியதில்லை. அவர் மேல் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைக்கிறோம்.

வேலை போயிற்று. குவார்ட்டர்ஸ் போயிற்று. வழக்கு வந்தது. கடலில் கொட்டிய அத்தனை எண்ணெய்க்கும் தண்டனை வாங்கிய ஒரே ஆள் மீட்டர்தான். அதுவும் எண்ணெய்க்காக இல்லை, பொய் சொன்னதற்காக. ஒன்றரை வருடம் என்று தீர்ப்பு சொன்னபோது, "அவ்வளவுதானா?" என்று கேட்டார். நீதிபதி அதைத் திமிர் என்று நினைத்துக்கொண்டார். காது சரியாகக் கேட்காமல், வாசித்து முடிந்துவிட்டதா என்றுதான் அவர் கேட்டார்.

தீர்ப்பு வருவதற்கு முன் மனைவி தன் தம்பியைத் தேடி அவனுடைய அலுவலகத்துக்குப் போயிருந்தாள். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் புதுத் தலைவர் படம். வெளியே மனுக்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் நடுவில் அவளையும் காத்திருக்க வைத்துத்தான் கூப்பிட்டார்கள்.

"நீ வந்து கோர்ட்ல ஒரு வார்த்தை சொல்லு. நான்தான் பொய் சொல்லச் சொன்னேன்னு."

"அக்கா, நீ என்ன பேசுறன்னு தெரிஞ்சுதான் பேசுறியா? என்னை உள்ள தள்ளப் பாக்குறியா? நான் உன் தம்பிக்கா."

"அவர் யாருடா?"

அவன் கதவைப் பார்த்தான், வெளியே யாருக்காவது கேட்டிருக்குமோ என்று. குரலைத் தாழ்த்தினான். "அப்பீல் பண்ணலாம். நல்ல வக்கீல நானே பாக்குறேன். நேரம் சரியில்ல, அவ்வளவுதான். கொஞ்சம் பொறு."

"மேல இருக்கறவங்க அகராதியில பொறுன்னா என்ன அர்த்தம்னு உன் மாமாகிட்ட கேட்டேன். எண்ணெய் போயிட்டே இருக்கும்னு அர்த்தமாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வக்கீலை அவன் பார்க்கவே இல்லை.

அவள் ஆலைக்குப் பக்கத்தில், மேஸ்திரி அக்கா வீட்டுக்கு எதிரே, ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். ஆலை மறுபடி திறந்திருந்தது; இறால் இப்போது எங்கோ குளங்களில் வளர்த்து லாரியில் வந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். மேஸ்திரி அக்கா தன் மேசையிலேயே அவளுக்கு இடம் போட்டாள். மாதம் ஒரு முறை அவள் கணவரைப் பார்க்கச் சிறைக்குப் போவாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மீட்டர் இளைத்திருப்பார். "கை எப்படி இருக்கு? வெந்நியில வெக்கிறியா?" என்பார். "உள்ள என்ன வேலை குடுக்குறாங்க?" என்று கேட்டால், "சமையல் கொட்டில்" என்பார். தம்பி வந்தானா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். முதலில் இல்லை என்று உண்மையைச் சொன்னாள். அவர் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, பிறகு, "வெளியூர்ல இருக்கானாம்" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

அந்த ஆண்டு நகரசபைத் தேர்தல். ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தெருமுனையில் பாட்டுச் சத்தம் கேட்டது. திறந்த வண்டியில் வேட்பாளர், முன்னால் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு நடந்து வரும் கூட்டம், கூட்டத்துக்கு முன்னால் தம்பி. இந்தத் தெருவில்தான் அக்கா இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. வீட்டு வாசல்வரை வந்து, சிரித்த முகத்தோடு கும்பிட்டு நிமிர்ந்த பிறகுதான் பார்த்தான். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. பின்னால் காமிரா. கையிலிருந்த நோட்டீஸை நீட்டினான். கடல் காப்போம் என்று நீல எழுத்தில் போட்டிருந்தது.

அவள் வாங்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல், வண்டியில் நின்ற வேட்பாளரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"ஐயா, எண்ணெய் கொட்டுன வழக்குல என் வீட்டுக்காரர் ஜெயில்ல இருக்காரு. அவரைப் பொய் சொல்லச் சொன்னவன் இவன்தான். என் கூடப் பொறந்த தம்பி. என் கண் முன்னாடி, என் வீட்டுல உக்காந்து சொன்னான். எங்க வேணா வந்து சொல்றேன்."

அக்கம்பக்கத்தில் ஜன்னல்கள் திறந்தன. மேஸ்திரி அக்கா எதிர் வீட்டிலிருந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். தம்பியின் காது மடல் சிவந்தது.

வேட்பாளர் வண்டியிலிருந்து குனிந்து, மிகவும் இரக்கத்தோடு தலையை ஆட்டினார். "ஒரு மனுவா எழுதிக் குடும்மா. ஜெயிச்சதும் முதல் வேலையா கவனிக்கிறேன்." பிறகு தம்பியின் தோளைத் தட்டி, "குறிச்சுக்கய்யா" என்றார்.

"சரிங்க தலைவரே" என்றான் தம்பி.

வண்டி நகர்ந்தது. பாட்டை யாரோ கூட்டி வைத்தார்கள். அடுத்த வீட்டு வாசலில் அவன் மறுபடி சிரித்துக்கொண்டே கும்பிடுவதைப் பெண்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.